எம்.ஜே. கோபாலன்: இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்கு ஆடியவர், ஒலிம்பிக் தங்கத்தைத் தவறவிட்டவர்

எம்.ஜே. கோபாலன் (1909–2003) கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டு விளையாட்டுகளிலும் இந்தியாவுக்கு ஆடியவர். செங்கல்பட்டு மாவட்டத்தின் மொரப்பாக்கம் கிராமத்தில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். ரஞ்சி கிண்ணப் போட்டியின் முதல் பந்தை வீசியவரும் அவர்தான். 1936-ஆம் ஆண்டு கிரிக்கெட்டா, ஹாக்கியா என்ற கேள்வி அவர் முன் வந்தது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அவர் விட்டுச்சென்ற ஹாக்கி அணி அதே ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது.

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு ஆட்டம் ஆடும் இளைஞன் புதியவன் அல்லன். மாலையில் தோட்டத் திடலில் காற்பந்து, பள்ளியில் ஹாக்கி அல்லது ஓட்டப்பந்தயம், பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாக இருந்தால் கிரிக்கெட்டும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒரு வயதுக்கு மேல் வீட்டிலும் பள்ளியிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எதை விடப் போகிறாய்?" கோபாலனின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு நேரடியான பதில் சொல்லாது. ஆனால் அந்தக் கேள்வி ஒரு விளையாட்டாளரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்பதைத் தெளிவாகக் காட்டும்.

கிராமத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

பதிவேடுகளின்படி கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6-ஆம் நாள். சிறு வயதிலேயே அவருடைய குடும்பம் மொரப்பாக்கத்தை விட்டுச் சென்னையின் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. சேப்பாக்கம் கிரிக்கெட் திடலுக்குப் பக்கத்திலேயே உள்ள பேட்டை அது.

அதே காலத்தில் தமிழகத்துக் கிராமங்களை விட்டு இன்னொரு கூட்டமும் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்த தொழிலாளர்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். அங்கிருந்து கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங், பாலிங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்திய அரசாங்கம் 1938-இல் இந்த ஆள் அனுப்பலைத் தடை செய்யும் வரை அது தொடர்ந்தது. கோபாலன் பந்து வீசக் கற்ற ஆண்டுகளும், இன்றைய கெடா தமிழர் பலரின் பாட்டன் பாட்டிமார் பால்மரம் வெட்டக் கற்ற ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே.

சென்னைக் கிரிக்கெட் அப்போது வெள்ளைக்காரர்களின் ஆட்டமாகவே தொடங்கியிருந்தது. சேப்பாக்கத் திடல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. இந்தியர்கள் அதில் உறுப்பினராக முடியாது. ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்த நிலையைக் கண்டு பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888-இல் இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். துரைமார் கிளப்பின் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்த தோட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை விளக்கிச் சொல்லத் தேவையில்லாதது.

பின்னர் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் சேப்பாக்கத்தில் மோதும் மாகாணப் போட்டி வழக்கமாயிற்று. சென்னை மக்கள் அதைப் 'பொங்கல் மேட்ச்' என்றே பேசினார்கள். கோபாலன் பெயர் வாங்கிய களங்களில் அதுவும் ஒன்று.

ஒரு வேலையும் ஒரு பந்தும்

கோபாலனின் திறமையை முதலில் அடையாளம் கண்டவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் ஒருவர். அவர் இளைஞரைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அவருக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்புக்காகக் கோபாலன் லீக் ஆட்டங்களில் இறங்கினார்.

அந்த வேலையைச் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1930களின் இந்தியாவில் கிரிக்கெட்டோ ஹாக்கியோ ஆடிக் குடும்பம் நடத்த முடியாது. வெளிநாட்டுப் பயணம் என்றால் கப்பலில் போய் வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். முழுப் பயணம் பல மாதங்கள் பிடிக்கும். அத்தனை நாள் விடுப்புக் கொடுத்து, திரும்பி வந்ததும் அதே நாற்காலியைத் தரும் முதலாளி கிடைத்தவனே ஆட முடிந்தது. ராஜ குடும்பத்தில் பிறக்காதவனுக்கு விளையாட்டில் நிலைக்க இருந்த வழி இதுதான். நம் நாட்டிலும் ரயில்வே, காவல்துறை, சிறைத்துறை, வங்கிகள் என்று துறை துறையாக அணிகள் இருந்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் காற்பந்தால் வேலைக்குப் போனதை மூத்தவர்கள் அறிவார்கள்.

கோபாலன் வேகமும் மிதவேகமும் கலந்து வீசும் வலக்கைப் பந்துவீச்சாளர். மட்டையும் பிடிப்பார். முதல் தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 190-க்கும் மேல். அடித்த ஓட்டங்கள் 3,000-ஐ நெருங்கும்.

கல்கத்தாவில் ஒரே ஒரு டெஸ்ட்

1933–34-இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசும் முறையால் ஆஸ்திரேலியாவில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிவிட்டு வந்த அதே ஜார்டின். இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. இந்திய அணிக்கு சி.கே. நாயுடு தலைவர்.

இரண்டாவது டெஸ்ட் 1934 ஜனவரி 5-ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கியது. கோபாலன் அதில் இடம்பெற்றார். முகமது நிசார், அமர் சிங் என்ற இரு பெரும் வேகப்பந்து வீச்சாளர்கள் முன்னணியில் இருந்த அணி அது. கோபாலனுக்கு ஒரு விக்கெட் கிடைத்தது. மட்டை பிடித்து இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த மாதமே மூன்றாவது டெஸ்ட். அது நடந்த இடம் சென்னைச் சேப்பாக்கம். அந்தத் திடலில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டமும் அதுதான். ஆனால் பக்கத்துப் பேட்டையில் வளர்ந்த கோபாலன் அந்த அணியில் இல்லை. அதற்குப் பிறகும் அவருக்கு டெஸ்ட் ஆட்டம் கிடைக்கவில்லை. சொந்த ஊருக்கு டெஸ்ட் வந்த நாளில் ஊர்க்காரர் வெளியே இருந்தார்.

ரஞ்சியின் முதல் பந்து

அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்திலேயே கோபாலனுக்கு வேறொரு பெருமை வந்து சேர்ந்தது. இந்திய மாநிலங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையிலான தேசியக் கிரிக்கெட் போட்டி அன்று தொடங்கியது. இன்று ரஞ்சி கிண்ணம் என்று வழங்கும் போட்டி அது. முதல் ஆட்டம் மெட்ராஸ் அணிக்கும் மைசூர் அணிக்கும். மைசூரின் என். கர்ட்டிஸுக்குக் கோபாலன் வீசியதே போட்டியின் முதல் பந்து.

ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் 48 ஓட்டங்களுக்கும் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. இடையில் மெட்ராஸ் எடுத்தது 130. ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் மெட்ராசுக்கு வெற்றி. அந்த நாளின் நாயகன் சென்னைவாழ் சீக்கியரான ஏ.ஜி. ராம் சிங். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தவர். பிற்காலத்தில் இந்தியாவுக்கு ஆடிய கிரிபால் சிங், மில்கா சிங் ஆகியோரின் தந்தை அவர்.

ஹாக்கிக் கோலுடன் நியூசிலாந்துக்கு

இதற்கு நடுவில் கோபாலன் ஹாக்கியை விடவில்லை. 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்குச் சென்ற இந்திய ஹாக்கி அணியில் அவரும் ஒருவர். அந்தப் பயணத்தில் இந்திய அணி ஆடியது 48 ஆட்டங்கள். அடித்த கோல்கள் 584, வாங்கியவை 40. அதில் தியான் சந்த் மட்டும் 201 கோல் அடித்தார்.

உலக ஹாக்கியில் அன்று இந்தியாவுக்கு இணை கிடையாது. 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றிருந்தது. கிரிக்கெட்டில் நிலைமை நேர்மாறு. 1932-இல்தான் இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது. இன்னும் ஒரு டெஸ்டில்கூட வெல்லவில்லை. கோபாலன் ஒரு கையில் உலகின் மிகச் சிறந்த அணியின் கோலையும், மறு கையில் இன்னும் கற்றுக்கொண்டிருந்த அணியின் பந்தையும் வைத்திருந்தார்.

1936: நாட்காட்டி போட்ட முடிச்சு

1936-இல் இரண்டும் மோதின. இந்தியக் கிரிக்கெட் அணி அந்த ஆண்டு கோடைக்காலம் முழுவதும் இங்கிலாந்தில் ஆட வேண்டும். பெர்லின் ஒலிம்பிக் ஆகஸ்டு மாதத்தில். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருக்க வழியில்லை. கோபாலன் ஒலிம்பிக் அணிக்கான தேர்வாட்டங்களுக்குப் போகாமல் இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் அணியோடு சேர்ந்தார்.

அந்தக் கிரிக்கெட் பயணம் இந்திய விளையாட்டு வரலாற்றின் கசப்பான பக்கங்களில் ஒன்று. விஜயநகரம் இளவரசர் 'விஸ்ஸி' அணித் தலைவர். ஆட்டத் திறமையைவிட அவருடைய செல்வாக்கே அந்தப் பதவியை வாங்கித் தந்தது என்பது அன்றும் இன்றும் சொல்லப்படுவது. அணிக்குள் கோஷ்டிகள் இருந்தன. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டில் இந்தியா இரண்டில் தோற்றது, ஒன்று சமநிலை. கோபாலனுக்கு ஒரு டெஸ்டிலும் இடம் இல்லை.

1936 ஆகஸ்டு 15-ஆம் நாள் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்துத் தங்கம் வென்றது. முந்தைய ஆண்டு அதே தியான் சந்தோடு ஆடிய கோபாலன் அப்போது இங்கிலாந்துப் பயணக் குழுவில் இருந்தார்.

பெர்லினுக்குப் போயிருந்தால் தங்கம் நிச்சயம் என்று சொல்லிவிட முடியாது. தேர்வாட்டத்தில் வென்று அணியில் இடம் பிடித்திருக்க வேண்டும். ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போனது என்பது உறுதி. அவருடைய திறமையில் குறை இருந்ததால் அப்படி ஆகவில்லை. இரண்டு சங்கங்களின் நாட்காட்டி ஒரே மாதத்தில் விழுந்தது.

அதே அணியில் இன்னொரு சென்னைக்காரர்

1936 இங்கிலாந்துப் பயணத்தில் இரண்டு விளையாட்டு ஆடிய இன்னொருவரும் இருந்தார். அவர் கோட்டா ராமசாமி, புச்சி பாபுவின் மகன். 1922-இல் இந்தியாவுக்காக டேவிஸ் கிண்ண டென்னிஸ் ஆடியவர். கிரிக்கெட்டில் முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு வயது 40. மான்செஸ்டரில் 40-உம் 60-உம் எடுத்தார். அடுத்த டெஸ்டிலும் 29, ஆட்டமிழக்காமல் 41 என்று எடுத்துக் காட்டினார். 1985-இல் ஒரு நாள் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை.

டெஸ்ட் கிரிக்கெட்டோடு இன்னொரு விளையாட்டிலும் இந்தியாவுக்கு ஆடிய மிகச் சிலரில் இவர்கள் இருவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள்.

காற்பந்தும் கிரிக்கெட்டும் ஆடியவர் என்றால் இந்தியாவில் முதலில் வரும் பெயர் வங்காளத்தின் சுனி கோஸ்வாமி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் காற்பந்து அணியின் தலைவர். அந்தப் போட்டியில் வெண்கலம் வென்றது நம் மலாயா அணி. 27 வயதுக்குள் அனைத்துலகக் காற்பந்திலிருந்து விலகிய கோஸ்வாமி, பிறகு வங்காள அணிக்காக ரஞ்சி கிண்ணம் ஆடி, 1971–72 இறுதியாட்டத்துக்கு அந்த அணியைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றார். கோபாலனைப் போல ஒரே மாதத்தில் இரண்டில் ஒன்றை விட வேண்டிய நெருக்கடி அவருக்கு வரவில்லை. ஒன்றை முடித்துக்கொண்டு மற்றொன்றில் முழுமையாக இறங்கினார்.

மலாயாவில் பிறந்த சமகாலத்தவர்

கோபாலன் பிறந்த அதே 1909-இல் கோலாலம்பூரில் பிறந்தவர் லால் சிங். மலாயா அணிக்கு ஆடி, பிறகு இந்தியா சென்று, 1932-இல் லார்ட்ஸ் திடலில் இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். இங்கிலாந்தின் பிராங்க் வூலியை ஓட்டத்தில் ஆட்டமிழக்கச் செய்த அவருடைய களத்தடுப்பு இன்றும் பேசப்படுகிறது. அவருக்கும் ஒரே ஒரு டெஸ்ட்தான். பின்னர் மலாயாவுக்கே திரும்பி 1985-இல் கோலாலம்பூரில் காலமானார்.

கிரிக்கெட்டும் ஹாக்கியும் சேர்ந்து ஆடியவர் மலாயாவிலும் உண்டு. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் மலாயா ஹாக்கி அணியில் ஆடிய மைக் ஷெப்பர்ட்சன், நாட்டின் கிரிக்கெட் அணிக்கும் ஆடியவர்.

கோபாலன் கிண்ணம்

ஓய்வுக்குப் பிறகு கோபாலன் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தார். அவர் பெயர் அதிகமாக உச்சரிக்கப்பட்டது வேறொரு காரணத்துக்காக. 1952–53-இல் மெட்ராஸ் அணிக்கும் சிலோன் அணிக்கும் இடையில் கோபாலன் கிண்ணப் போட்டி தொடங்கியது. இலங்கைக்கு 1981-இல்தான் டெஸ்ட் தகுதி கிடைத்தது. அதுவரை அங்கிருந்த ஆட்டக்காரர்களுக்குத் தரமான எதிரணியோடு தொடர்ந்து மோதும் அரிய வாய்ப்புகளில் ஒன்றாக இந்தப் போட்டி இருந்தது. ஒலிம்பிக் பதக்கம் பெறாதவரின் பெயர் இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்களின் கையில் கிண்ணமாக இருந்தது.

2003 டிசம்பர் 21-ஆம் நாள் சென்னையில் கோபாலன் காலமானார். பதிவேட்டுப்படி அவருக்கு வயது 94. அப்போது உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் மிக மூத்தவர் அவர்.

கெடா பிள்ளைகளுக்கு இதில் என்ன?

கோபாலனை உருவாக்கியவை மூன்று: நடந்து போகும் தூரத்தில் ஒரு திடல், கண்டுகொண்ட ஒரு மூத்தவர், விடுப்பு தரும் ஒரு வேலை. கெடாவில் முதலாவது பல இடங்களில் தோட்டத்தோடு போய்விட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா அந்த மாற்றத்தின் பெரிய அடையாளம். லயத்துக்கு எதிரே இருந்த திடலுக்கு மாற்றாக அடுக்குமாடிக்குக் கீழே ஒரு திடல் எல்லா இடத்திலும் கிடைத்துவிடவில்லை.

திடல் என்பது வெறும் பொழுதுபோக்கு இடமாகவும் இருந்ததில்லை. 1946–47-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி வழிநடத்திய தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு எதிராக இளைஞர்களைத் திரட்டி அணிவகுக்க வைத்தது. சம்பள நாளின் மாலை கள்ளுக்கடையில் கழியக் கூடாது என்பதே அன்றைய போராட்டம். பிள்ளைகளின் மாலை நேரம் எங்கே கழிகிறது என்ற கவலை இன்றும் பெற்றோருக்கு உண்டு, இடங்கள்தான் மாறியிருக்கின்றன.

மூன்றாவது, நாட்காட்டி. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஒரே மாணவன் காற்பந்துக்கும் ஹாக்கிக்கும் தேர்வாகி, இரண்டு தேர்வாட்டமும் ஒரே வாரத்தில் விழுந்தால், விடும் ஆட்டத்தை முடிவு செய்வது பெரும்பாலும் தேதிதான். கோபாலனுக்கு 26 வயதில் நேர்ந்தது இந்தப் பிள்ளைகளுக்கு 13 வயதில் நேர்கிறது. பெற்றோரும் பயிற்றுநரும் ஆண்டின் தொடக்கத்திலேயே இரண்டு அட்டவணையையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது சிறிய வேலை. தேதி மோதினால் முன்கூட்டியே பள்ளியிடமும் மாவட்டச் சங்கத்திடமும் பேசலாம். விடத்தான் வேண்டும் என்றால், எதை விடுவது என்று அந்தப் பிள்ளையையே கேட்டு முடிவு செய்யலாம்.